மஞ்சள் டேப் சுற்றிய பேனா

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கையிலிருந்த துணியைப் பால்ராஜ் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

மூடித் தகட்டில் தாம் போட்டிருந்த ஒரு கோட்டை, தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் அப்போதுதான் துடைத்திருந்தார். கருப்புக் கோடு. துணியில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொண்டு, தகடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். அப்படித்தான் இரண்டு வருடமாக ஆகிக்கொண்டிருந்தது. இன்றைக்குத் துணி ஊதாவாக இருந்தது. தகட்டிலும் நாவல்பழம் தின்ற நாக்கைப் போல ஓர் ஊதாக் கறை தங்கியிருந்தது.

இன்னொரு தரம் துடைத்தார். கறை பரவியதே தவிரப் போகவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்தார். கருப்பு உடல், கருப்பு மூடி, நடுவில் மஞ்சள் டேப். டேப்பின் மேல் ஸ்டோரில் எழுதிய எண் இருந்தது. எண் சரியான எண்தான். ஆனால் அந்த டேப்பை வெள்ளிக்கிழமை மத்தியானம் சுற்றியது ஸ்டோர்க்காரன் இல்லை. அவரே சுற்றினார்.

துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருபத்தாறு வருடமாக, தகட்டில் அளவெடுத்துக் கோடு போடும் மார்க்கராக வேலை செய்கிறவர். யாராவது பார்க்கிறார்களா என்று அவர் திரும்பிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

அந்தப் பேனாவைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ரசாயன ஆலைகளுக்கு எவர்சில்வர் கலன்கள் செய்கிற ஆர்டர் வந்தபோது, இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் ஜானகிராமன் ஐந்து பேனாக்களைக் கொண்டுவந்து அவருடைய மேஜைமேல் வைத்தார். இனிமேல் இந்தத் தகடுகளில் கீறுகோல் கூடாது, கீறினால் அந்தக் கீறலிலிருந்தே தகடு விட்டுப்போகும், பேனாவால்தான் கோடு போட வேண்டும் என்றார். எந்தப் பேனா என்பதை நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்.

பால்ராஜ் மூன்று வாரம் அதையே பார்த்தார். கோடு போடுவதற்கு முன் தகட்டின் ஓரத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு கீற்று இழுத்து, மை சீராக வருகிறதா என்று பார்ப்பது அவருடைய பழக்கம். ஐந்து பேனாவுக்கும் அப்படித் தனித்தனியே ஓரத்தில் கீற்று இழுத்தார். ஒன்றின் முனை மூன்றாவது அடியிலேயே துடைப்பம்போல விரிந்தது. அரை மில்லிமீட்டர் கோடு ஒன்றரை மில்லிமீட்டராகிவிட்டால் எந்தப் பக்கத்தை நம்பித் துளை போடுவது? இன்னொன்று, அளவு பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்தது. மற்றொன்று துளையிடும்போது ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீரில் கரைந்து ஓடியது. நான்காவதன் கோடு வெல்டிங் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியவே இல்லை. ஐந்தாவது நின்றது. மெல்லிய கோடு, கலையாத கோடு, தின்னரால் துடைத்தால் சுவடே இல்லாமல் போகிற கோடு.

ஜானகிராமன் சிரித்தார். அந்த ஐந்தில் சர்டிபிகேட்டோடு வந்தது அது ஒன்றுதானாம். உங்கள் கையே கண்டுபிடித்துவிட்டது என்றார். பிறகு அவர் சொன்னதுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை பால்ராஜின் காதில் மறுபடி மறுபடி கேட்டது. சாதாரணப் பேனா மையில் உப்பைப் போன்ற ஒரு சத்து இருக்கிறது. கோட்டின் மேல் வெல்டிங் சூடு பட்டால் அது எவர்சில்வருக்குள் இறங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, கலனுக்குள் கொதிக்கிற ஆசிட் இருக்கும்போது, தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல் விடும்.

"அப்ப பக்கத்துல எவன் நிக்கிறானோ அவன் தலையெழுத்து" என்று முடித்திருந்தார் ஜானகிராமன்.

அதனால்தான் ஸ்டோரில் ஒவ்வொரு பேனாவுக்கும் மஞ்சள் டேப் சுற்றி எண் போட்டார்கள். வாங்கும்போது கையெழுத்து, மை தீர்ந்து திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்து. அந்தப் பேனா கேட்டைத் தாண்டக் கூடாது, வேறு பேனா கேட்டுக்குள் வரவும் கூடாது.

அந்தச் சட்டம் வந்த புதிதில், துலுக்கானம் என்கிற ஹெல்பர் ஒரு பேனாவை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு போகும்போது கேட்டில் வாட்ச்மேன் உத்தமனிடம் மாட்டினான். மகளுக்குச் சீராக வாங்கிய குடத்தில் பேர் எழுதிவிட்டு மறுநாளே கொண்டுவந்துவிடுவேன் என்று அழுதான். பால்ராஜை அழைத்துக் கேட்டார்கள், அவருடைய செக்‌ஷன் ஆள் என்பதால். எங்கப்பா முப்பது வருஷம் மிலிட்டரி டிப்போவில் வேலை செய்தார், ஓர் ஆணியை வீட்டுக்குக் கொண்டுவந்தவரில்லை, என் செக்‌ஷனில் இப்படி ஓர் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துலுக்கானத்துக்கு வேலை போகவில்லை. கிரைண்டிங்கில் தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து உத்தமன் பால்ராஜை மட்டும் தடவிப் பார்ப்பதில்லை. எழுந்து நின்று வழிவிடுவான்.

அப்படிப்பட்ட பால்ராஜ்தான் போன வியாழக்கிழமை சாயங்காலம் பேனாவிலிருந்து மஞ்சள் டேப்பை உரித்துப் பெட்டிக்குள் ஒட்டிவைத்துவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். பட்டாபிராமில் அப்பாவின் கல்லறைக்கு வருடாவருடம் பேர் எழுதுகிற பெயிண்டர் காய்ச்சலில் படுத்துவிட்டான். சுண்ணாம்பு அடித்தாயிற்று, சிலுவையில் பேர் இல்லை. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது, எல்லார் வீட்டுக் கல்லறையிலும் பேர் இருக்க, ஆரோக்கியசாமி கல்லறை மட்டும் மொட்டையாக நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள்தானே, மத்தியானம் வேலைக்குப் போகும்போது கையோடு போய்விடும் என்று நினைத்தார். துலுக்கானமும் அதைத்தான் சொன்னான் என்பது அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை. டேப்பை ஏன் உரித்தார் என்றால், கல்லறையில் சொந்தக்காரர்கள் நாலு பேர் பார்ப்பார்கள். டேப் இருந்தால் கம்பெனிச் சாமான் என்று தெரிந்துவிடும். உரித்தபோது பேனாவின் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளும் கோந்தோடு போயின. பெட்டிக்கடையில் தொங்குகிற பத்துப் பேனாவில் ஒன்றுபோல அது ஆகிவிட்டது.

அடுத்த கல்லறைக்காரர் தேவராஜ், பட்டாபிராமில் மளிகைக்கடை வைத்திருப்பவர். தம் பேனா தடியாக எழுதுகிறது, உங்களுடையது நைசாக எழுதுகிறது என்று இரவல் கேட்டார். பெரிய எழுத்தைத் தம் பேனாவாலும் சிறிய எழுத்தை பால்ராஜின் பேனாவாலும் எழுதினார். சாமியார் வந்துவிட்டார். அவசரமாகப் பேனாவை நீட்டினார். பால்ராஜ் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு முழங்காலிட்டார்.

மத்தியானம் வேலையில் கோடு கொஞ்சம் தடியாக விழுந்தது. சொரசொரப்பான சிமெண்டில் எழுதியதால் முனை மழுங்கிவிட்டது என்று நினைத்தார். செய்த காரியம் உறுத்தியதால், வேறு பேனா வாங்க ஸ்டோருக்குப் போய் நிற்க மனம் வரவில்லை. மழுங்கிய முனை என்றே வைத்துக்கொண்டு வெள்ளி, சனி, திங்கள் என்று மூன்று நாள் ஓர் ஆசிட் கலனுக்குக் கோடு போட்டார்.

புதன்கிழமை விடிந்ததும் தேவராஜின் வீட்டு வாசலில் போய் நின்றார். இது வெறும் பயம், பேனா மாறியிருக்காது என்று வழியெல்லாம் செபமாலை உருட்டிக்கொண்டே போயிருந்தார். பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்த தேவராஜிடம், அன்றைக்குப் பேனா மாறிவிட்டதா என்று கேட்டார்.

"அட, ஒங்க பேனாவா அது? நான் கூட இன்னாடா நம்ம பேனா திடீர்னு புத்தி வந்தா மாதிரி நைசா எழுதுதேனு பாத்தேன். பொண்ணு கணக்கு நோட்டுக்கு எடுத்துகிச்சி. இரு மாமே, வாங்கியாறேன்."

பேனா வந்தது. நடுவில் விரலை வைத்தார். உரித்த டேப்பின் கோந்து பிசுபிசுவென்று வளையமாக ஒட்டியது. அவருடைய பேனாவேதான். தேவராஜ் காப்பி சாப்பிடச் சொன்னதும், அதற்குத் தாம் என்ன பதில் சொன்னோம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

பட்டாபிராம் பிளாட்பாரத்தில் தம்பி சத்தியராஜ் டிபன் பெட்டியோடு நின்றிருந்தான். அவனும் அதே கம்பெனிதான்; வெல்டர். அந்தக் கலனின் வெல்டிங் முழுவதும் அவன் கை. எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி குறை இல்லை என்று திங்கட்கிழமை ஜானகிராமன் அவன் முதுகைத் தட்டியிருந்தார். பால்ராஜ் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். சத்தியராஜ் கேட்டுக்கொண்டே தண்டவாளத்தைப் பார்த்தான்.

ரயிலில் ஏறி ஜன்னலோரம் ஒதுங்கிய பிறகுதான் வாயைத் திறந்தான். நாளைக்குக் கலன் லாரி ஏறுகிறது, தண்ணீர் டெஸ்ட் முடிந்தாயிற்று, அது தெற்கே எங்கேயோ போய் நிற்கப் போகிறது என்றான். விரிசல் விடலாம், விடாமலும் போகலாம். விட்டாலும் அது பேனாவால் என்று யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டான். பிறகு அவன் குரல் மாறியது.

"அண்ணே, அப்பா பேர எழுதன பேனா அது. அதத் திருட்டுப் பேனானு நீயே எழுதிக் குடுக்கப் போறியா? நாளைக்கி அந்தத் துலுக்கானம் மூஞ்சில எப்படி முழிப்ப? என் மூஞ்சில எவன் முழிப்பான்?"

பால்ராஜுக்கு அதே பயம்தான். ஆரோக்கியசாமி மகன் திருடினான் என்று கம்பெனி பேசும். கம்பெனி பேசினால் ரயில் பேசும், ரயில் பேசினால் கோயிலில் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் அவர். அந்தத் தட்டைப் பிடிக்கிற கையை ஊரே பார்க்கும். ஆவடி வந்தது. கூட்டம் ஏறியது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார். செய்ததும் ஒரு நிமிடம் நெஞ்சு இலேசானது.

அடுத்த நிமிடமே அந்த ஆள் மனக்கண்ணில் வந்து நின்றான். கலனுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிற ஆள். முகமில்லை. காக்கிச் சட்டை, கையில் டிபன் பெட்டி. ரயிலில் எதிரே நின்ற எல்லாருமே காக்கிச் சட்டையும் டிபன் பெட்டியுமாகத்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் கைப்பிடியில் தொங்கியபடி தூங்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் பழுக்காத கொப்புளம்போல ஒரு மச்சம். பால்ராஜால் அந்தக் கழுத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"அந்தப் பேர நான் திருட்டுப் பேனாவுல எழுதிட்டேன்டா" என்றார் தம்பியிடம். "அத மறைக்க இன்னொருத்தன் பேர கல்லறையில எழுத வெக்க முடியாது."

சத்தியராஜ் அம்பத்தூரில் இறங்கி, அண்ணனுக்காக நிற்காமல் முன்னால் நடந்தான்.

ஜானகிராமன் கோபப்படவில்லை. இரண்டு பேனாவையும் ஊதாத் துணியையும் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கம்பெனிச் சட்டம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், அது அப்புறம் என்றார்.

"எத்தனை கோடு, பால்ராஜ்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு கோட்டை விட்டாலும் மத்ததைத் தேச்சது அத்தனையும் வீண்."

பால்ராஜ் கண்ணை மூடினார். கலனுக்கு உள்ளே எட்டுத் தாங்கிகள், எட்டுக் கோடு. வெளியே நான்கு கால்கள், நான்கு கோடு. மூடியில் இரண்டு. பதினான்கு என்றார். நிச்சயமா என்று கேட்டார் ஜானகிராமன். நிச்சயம் என்றார். தம் கை போட்ட கோடு தமக்குத் தெரியாதா என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

ஸ்டோரிலிருந்து புதிதாக ஒரு பேனா வந்தது. தேய்க்க வேண்டிய இடங்களை அவரே வட்டமிட்டுக் காட்ட வேண்டும். கலனின் வாய் வழியே உள்ளே இறங்கினார். உள்ளே தம் மூச்சே பெரிதாகக் கேட்டது. வெல்டிங்குக்கு அடியில் போய்விட்ட கோடுகளை அளவுகோலை வைத்துத் திரும்பக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டார். ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு போட்டார். ஒரு வட்டத்தின் அகலம் கொஞ்சம் குறைந்தால்கூட அங்கே அந்தக் காக்கிச் சட்டை வந்து நின்றது. அழித்துப் பெரிதாகப் போட்டார்.

தேய்க்க வந்தவன் துலுக்கானம்.

கிரைண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். செய்தி அதற்குள் ஷெட் முழுவதும் போயிருந்தது. நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சத்தியராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணாத்தே, ஒரு டவுட்டு" என்றான் துலுக்கானம். "நான் மடியில சொருவிகினு மாட்டிகினேன். நீ எங்க சொருவிகினு போன?"

யாரோ சிரித்தார்கள். பால்ராஜ் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"மேல் பாக்கெட்லயா? ஜோரா, தெரியறா மாதிரி. பெரிய மன்ஷன் பெரிய மன்ஷன்தான்."

இதையும் கேட்டுக்கொண்டு பால்ராஜ் நிமிர்ந்தே நின்றார். குனிந்தால் அப்பாவின் பேர் இன்னும் கீழே போகும் என்று அவருக்குத் தோன்றியது. உன் பெண்ணின் குடத்தில் பேர் எழுதினாயா என்று மட்டும் கேட்டார். துலுக்கானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டே, அது பேரில்லாமலேதான் போச்சு என்றான். பிறகு கலனுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, கேலியில்லாத குரலில் கேட்டான்.

"பதினாலு எண்ணிட்டேன். அவ்ளோதானே? வேற எங்கயும் கை வெக்கலியே?"

அவ்வளவுதான் என்றார்.

பொழுது சாய்கிறவரை கிரைண்டர் கத்தியது. ஜானகிராமன் ஒவ்வோர் இடத்திலும் விரிசலைக் காட்டிக்கொடுக்கிற சிவப்புச் சாயம் தடவித் துடைத்துச் சோதித்தார். இனி வெல்டிங்கை மறுபடி போட்டால் போதும், லாரி இரண்டு நாள் தாமதமாகும் என்றார். பால்ராஜின் மேல் விசாரணை வரும், அதுவரை எல்லாரையும்போலக் கேட்டில் சோதனை என்று ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. பால்ராஜ் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தரை மணிக்குக் கேட்டுக்கு வந்தார். உத்தமன் பழக்கத்தில் எழுந்து நின்றான். பிறகு ஞாபகம் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். பால்ராஜ் தாமாகவே இரண்டு கையையும் தூக்கினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். உத்தமனின் கை விலாவில் பட்டபோது அவருக்கு உடம்பு கூசியது. அப்பா இருந்திருந்தால் இதைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

"மன்னிச்சிக்க நைனா" என்று உத்தமன் முணுமுணுத்தான். ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, போகிற நேரம் எழுதி ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றான்.

கயிற்றில் கட்டியிருந்த பேனாவை எடுத்தார் பால்ராஜ். எழுதுகிறதா என்று பார்க்க, பக்கத்தின் ஓரத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு கீற்று இழுத்தார்.

கை அங்கேயே நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கோடு தடியாக விழப் போகிறது என்று இன்னும் தெரியாத நேரம். முதல் தாங்கிக்கு அளவெடுத்துவிட்டு, போடுவதற்கு முன், தகட்டின் ஓரத்தில் ஒரு கீற்று. வருடக்கணக்காக யோசிக்காமலே செய்கிற காரியம். அந்த ஓரம் கலனின் உடம்பும் அடிப்பாகமும் சேருகிற ஓரம். சனிக்கிழமை சத்தியராஜ் அதன் மேல் சுற்றிச் சுற்றி வெல்டிங் போட்டான். எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி குறையில்லாத வெல்டிங். கொதிக்கிற ஆசிட்டின் கனம் முழுவதும் உட்காரப் போகிற இடம்.

எத்தனை கோடு என்று கேட்டபோது அதைக் கோடாகவே அவர் எண்ணவில்லை.

அந்த வெல்டிங்கை முழுதாக அறுக்க வேண்டும். தம்பியின் கைவேலையைத் தம் வாயாலேயே அறுக்கச் சொல்ல வேண்டும். பதினான்கு நிச்சயம் என்று சொன்ன வாய். இனிமேல் அதை யார் நம்புவார்கள்? பதினாறாவது இல்லை என்று அவரேதான் எப்படி நம்புவது?

பின்னால் யாரோ, கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா என்று கேட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிறது என்றார்கள்.

"உத்தமா, கதவத் தொற" என்றார் பால்ராஜ். "உள்ள போவணும்."

சோதனை முடிந்து வெளியே போகிறவர்களைத் திரும்ப உள்ளே விட உத்தமனுக்கு உத்தரவில்லை. அவன் அதைச் சொல்ல வாயெடுத்து, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை விலக்கினான்.

ஷெட்டிலிருந்து துலுக்கானம் கிரைண்டரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. பால்ராஜ் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். வெயிலோ மழையோ, சங்கு ஊதினாலும் ஊதாவிட்டாலும், அந்தக் கம்பெனியில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கேட்டில் நின்ற அத்தனை பேரும் பார்க்க அவர் ஓடினார்.